“எழுதிக்கிட்டேன்க்கா”

அம்மா தாயில்பட்டியில் பட்டாசு வேலைக்குப் போன நாள்களில், செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. சாயங்காலம் எண்ணிக்கையைச் சொன்னால், கணக்கு எழுதுகிற அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “எழுதிக்கிட்டேன்க்கா, கிளம்புங்க” என்பார். கூட்டமான நாளில் எழுதியிருக்க மாட்டார், மனசில் வைத்திருப்பார். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டார். திரும்பி வந்தபோது இரண்டு நாள் கணக்கு நோட்டிலும் இல்லை, நினைவிலும் இல்லை. “இன்னும் எழுதலன்னு சொல்லியிருந்தா நானாவது குறிச்சு வச்சிருப்பேன்ல” என்றாள் அம்மா.

அவள் சொன்னது எனக்குப் புரிய ஒரு சர்வர் சாக வேண்டியிருந்தது.

மெசேஜ் புரோக்கரும் அந்த அண்ணனைப் போலத்தான். இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே நின்று, செய்தியை வாங்கி வரிசையில் வைத்து, ‘வந்துடுச்சு’ என்று சொல்லும். அதை நம்பி அனுப்பியவர் தன் பிரதியை அழித்துவிடுவார். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், காஃப்காவில் ‘ஆக்ஸ்’ அமைப்பை 1 என்று வைத்தது நான்தான். தலைமை சர்வர் வாங்கினால் போதும், மற்ற சர்வர்கள் பிரதி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அர்த்தம். தலைமை சர்வரும் வாங்கியதை உடனே டிஸ்க்கில் இறக்கிவிடாது, கொஞ்ச நேரம் மெமரியில்தான் வைத்திருக்கும். ஓர் இரவு அதன் மின்சாரம் போனது. பணத்தைத் திரும்பக் கேட்ட சிலரின் கோரிக்கைகள் மறைந்தன. எங்கள் திரையில் ஒரு பிழைகூட இல்லை.

‘ஆக்ஸ்’ஸை ‘ஆல்’ என்று மாற்றினால் தீர்ந்ததா? அந்த ‘ஆல்’, அப்போது ஒத்திசைவில் இருக்கும் பிரதிகளை மட்டுமே குறிக்கும். மற்றவை பின்தங்கிவிட்டால் ‘எல்லாரும்’ என்பது ஒருவராகச் சுருங்கிவிடும். அதனால்தான் குறைந்தபட்சப் பிரதி 2 என்றும் வைக்க வேண்டும். அது கிடைக்காதபோது புரோக்கர் செய்தியை வாங்க மறுத்துவிடும். ரேபிட்எம்க்யூவின் குவோரம் வரிசையும் பெரும்பான்மைச் சர்வர்கள் எழுதிய பிறகே உறுதி சொல்லும்.

மறுப்பது தோல்வி என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அதை நேர்மை என்பேன். ‘இல்லை’ என்று கேட்டவர் தன் பிரதியைக் கையிலேயே வைத்திருப்பார், மறுபடி அனுப்புவார். பொய்யான ‘வந்துடுச்சு’ செய்தியைத் தொலைப்பதோடு நிற்காமல், அதைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆளையும் மறக்கச் செய்துவிடுகிறது.

எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். ஓர் அறையில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவக்கூடாது. உயிரையும் தகவலையும் நான் சமமாக்கவில்லை. ஆனால் ஒரே மின்இணைப்பில் மூன்று பிரதி வைப்பவர், மூன்றையும் ஒரே அறையில் வைத்தவர்தான்.

காத்திருந்தால் சில மில்லிசெகண்ட் தாமதமாகும். லைக் எண்ணிக்கைக்கு அது வீண் செலவாக இருக்கலாம். கூலிக்கணக்குக்கு? அன்று வேகம் எனக்குக் கிடைத்தது, இழப்பு வேறு யாருக்கோ போனது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அம்மாவையும் யாரும் கேட்கவில்லை.