அரசனுக்கு வளையாத முதுகு

எரியப்போகிற உடம்புக்கு எதற்குப் பயிற்சி? கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்து முதியவர்களோடு பழகுகிற எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கேட்பவர்களும் சோம்பேறிகள் அல்ல. அதிகாலையில் குளித்துத் திருநீறு பூசித் தேவாரம் ஓதுகிறவர்கள். மலாயா ரயில்வேயில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஒருநாள் என்னிடம் நேராகவே கேட்டார்: "மிஸ்ஸி, நீங்க சொல்றது நல்லதுதான். ஆனா சாமி எழுதின ஆயுசு எவ்வளவோ அவ்வளவுதான். அதுக்கு மேல இந்தக் கட்டையைக் கட்டிக் காப்பாத்தணும்னு நினைக்கிறது ஆசைதானே? ஆசையை விடச் சொல்லித்தானே நம்ம பெரியவங்க பாடினாங்க?"

ரத்த அழுத்தக் கணக்கைக் காட்டி இவருக்குப் பதில் சொல்ல முடியாது. அவர் கேட்டது சமயக் கேள்வி. சமயத்துக்குள் நின்றுதான் அதற்குப் பதில் தேட வேண்டும்.

நான் கிள்ளானுக்கு வெளியே, காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டியவர். நான் அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றேன். பெரும்பாலும் எலும்பு முறிவு வார்டில்தான் வேலை. அந்த நாள் பழக்கத்தில் இன்னமும் என்னை 'மிஸ்ஸி' என்றே கூப்பிடுகிறார்கள். இப்போது சனிக்கிழமைக் காலைகளில் ஒரு கோயில் மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வருகிற முதியவர்களை உட்கார்ந்து எழவும், குதிகால் தூக்கி நிற்கவும், ஒற்றைக் காலில் நிலைக்கவும் பழக்குகிறேன். பெரியவரின் கேள்வியை அங்கேதான் பல வடிவங்களில் கேட்கிறேன்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. நம் மரபில் உடம்பைப் பழித்த குரல் பலமானது. பட்டினத்தார் சுடுகாட்டைக் காட்டிப் பாடினார். ஆனால் அவர் யாரைப் பார்த்துப் பாடினார்? உடம்பின் அழகிலும் அது தேடிக் குவித்த செல்வத்திலும் மயங்கிக் கிடந்தவர்களைப் பார்த்து. அந்தப் பட்டினத்தாரோ காவிரிப்பூம்பட்டினத்தில் எல்லாவற்றையும் துறந்து புறப்பட்டுத் திருவொற்றியூரில் அடங்கும்வரை ஊர் ஊராக நடந்தவர். அவர் விட்டது செருக்கை. கால்களைக் கடைசிவரை வேலை வாங்கினார்.

திருமூலர் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். ஒரு காலத்தில் உடம்பை இழிவாக எண்ணியிருந்ததாகவும், அதற்குள்ளேயே பரம்பொருள் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணுவதாகவும் தம்மைப் பற்றியே சொல்கிறார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுவதும் யோகத்துக்கே. இருக்கை, மூச்சு, புலனடக்கம் என்று உடம்பிலிருந்து தொடங்கித்தான் அவர் மேலே அழைத்துச் செல்கிறார்.

சைவ சித்தாந்தம் படித்த முதியவர்களிடம் நான் இதைவிட நேரான ஒன்றைக் கேட்பேன். தனு என்னும் உடம்பு, கரணம் என்னும் கருவி, புவனம் என்னும் உலகம், போகம் என்னும் நுகர்ச்சி ஆகிய நான்கையும் உயிருக்குக் கொடுத்தது யார்? ஆணவ இருளில் கிடக்கும் உயிர் மேலேறுவதற்காக இறைவன் கொடுத்தவை அல்லவா இவை? விடியும் வரைக்கும் கையில் கொடுத்த விளக்கு என்று உடம்பைச் சொல்வது நம் ஆசிரியர்களின் வழக்கம். விடிந்தபின் விளக்கு வேண்டாம், சரி. விடியுமுன்பே எண்ணெய் ஊற்றாமல் அணையவிடுவதைத் துறவு என்று யாரும் சொல்லவில்லை. கொடுத்தவர் திரும்பக் கேட்கும்போது ஒப்படைக்க வேண்டும். அதுவரை பாழாக்காமல் வைத்திருப்பது பெற்றுக்கொண்டவரின் கடமை.

நம் மண்ணிலேயே இதற்குச் சாட்சி உண்டு. பத்தமடையில் பிறந்த மருத்துவர் ஒருவர் 1913இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனையிலும் பிறகு ஜொகூரிலுமாகப் பத்தாண்டுகள் வைத்தியம் பார்த்தார். அவரிடம் மருந்து வாங்கியவர்களில் நம் தோட்டப்புறத்து மக்களும் இருந்தார்கள். 1923இல் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டு ரிஷிகேசம் போனார். அவர்தான் சுவாமி சிவானந்தர். சம்பளம், வீடு, உற்றார் என எல்லாம் துறந்த அந்தத் துறவி உடற்பயிற்சியைத் துறக்கவில்லை. 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் தொடங்கியபின்னும் வேதாந்தத்தோடு ஆசனங்களையும் சேர்த்தே போதித்தார். உடம்பைப் பேணுவதும் உடம்பில் பற்று வைப்பதும் ஒன்றாக இருந்திருந்தால், அவர் முதலில் விட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

கேள்வியின் இரண்டாவது வடிவம் பெண்களிடமிருந்து வருகிறது. அதற்குத்தான் எனக்கு மனம் அதிகம் கனக்கிறது. "ஏம்மா, உழைச்சு உழைச்சுத் தேஞ்ச உடம்பு இது. இனிமேயாவது சும்மா கிடக்கட்டுமே!" என்பார்கள்.

அம்மாவும் இதைத்தான் சொல்வார். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வேண்டும். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக மரங்களுக்கு நடந்து, குனிந்தும் நிமிர்ந்தும் உளி பிடித்துப் பட்டையைச் சீவ வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் அந்த இருட்டு அவசரம். பிறகு அதே மரங்களுக்குத் திரும்பிப் போய், மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பைத் தோளில் வைத்து நிறுவைக்குத் தூக்கிப் போக வேண்டும். வீட்டுக்கு வந்தால் அடுப்பு, துணி, பிள்ளைகள். இப்படி வாழ்ந்தவரிடம் 'கொஞ்சம் கையைக் காலை அசையுங்கள்' என்று சொல்ல எனக்கே நாக்கு கூசும்.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், இரண்டு காரணங்களுக்காக. முதலாவது, உடம்பின் இயல்பு. நாற்பது வயதில் நடந்த நடை எழுபத்தைந்து வயதுத் தசையில் தங்கியிருப்பதில்லை. அசைப்பது நின்றால் வலு வடியத் தொடங்கும். வயது ஏற ஏற இன்னும் வேகமாக வடியும். குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். எலும்பு கூடினாலும், படுக்கையில் கிடந்த நாட்களில் கால் தசை கரைந்து, கழிவறைக்குப் போக மகளின் தோளைத் தேடுவார்கள். வலியைவிட அதுதான் அவர்களை அழவைக்கும். "யாருக்கும் பாரமாக இல்லாமல் போய்விட வேண்டும்" என்று நம் முதியவர்கள் எல்லாரும் வேண்டிக்கொள்கிறார்களே, அந்த வேண்டுதலில் பாதி இறைவன் கையில். மீதிப் பாதி தொடைத் தசையில் இருக்கிறது.

அந்தத் தசை தொண்ணூறு வயதிலும் கேட்கும். மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லத்தில், 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேரைக் கொண்டு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி நடத்தினார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. 'இனி என்ன இருக்கிறது' என்று நாம் கைவிடுகிற வயதிலும் கொடுத்தவர் அந்தக் கருவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டாவது காரணத்தை மருத்துவப் புத்தகத்தில் தேட முடியாது. அம்மாவின் உடம்பு அசைந்த அந்த வருஷங்களில் அது யாருடையது? கங்காணியின் குரலுக்கு எழுந்தது, நிறுவைக்காரரின் கணக்குக்குத் தூக்கியது, துரையின் லாபத்துக்குக் குனிந்தது. வேலையில் அசைவதும் இதயத்துக்கு நல்லது என்பது உண்மைதான். லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுக்கப் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட இதய நோய் குறைவு என்று மருத்துவர் ஜெரி மாரிஸ் 1953இலேயே காட்டினார். தோட்டத்து நடையும் சில இதயங்களைக் காத்திருக்கும். ஆனால் அரை வயிற்றுச் சாப்பாட்டோடு, ஓய்வில்லாமல், பிறர் ஆணைக்காகவே அசைந்த உடம்பு, அசைவு என்றாலே தண்டனை என்று கற்றுக்கொண்டுவிட்டது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, மக்கள் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் அடுக்குமாடிகளில் குடியேறியபின், அந்தத் தலைமுறை நாற்காலியில் உட்கார்ந்தது. உட்கார்வதுதான் அவர்கள் பெற்ற ஒரே விடுதலையாக இருந்தது.

இங்கேதான் எனக்கு அப்பர் சுவாமிகள் வந்து நிற்கிறார். பல்லவ அரசன் அழைத்தபோது, தாம் எவருக்கும் குடியல்ல என்று மறுத்தவர். அரசனுக்கு வளையாத அந்த முதுகு, கோயில் முற்றத்தில் ஒரு புல்லைச் செதுக்க வளைந்தது. கையில் உழவாரத்தோடு ஊர் ஊராக நடந்து, நெருஞ்சியும் முள்ளும் களைந்து, அடியார் கால் படும் வழியைச் சீராக்கினார். எண்பத்தொரு வயது வாழ்ந்ததாக மரபு சொல்கிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளில் உடம்பால் செய்யும் தொண்டாகிய சரியைக்கு அவரையே நாம் உதாரணம் காட்டுகிறோம். உடம்பு அதேதான், குனிதலும் அதேதான். ஆனால் ஆணைக்குக் குனிவது வேறு, அன்பால் குனிவது வேறு. தோட்டத்தில் தேய்ந்த ஒரு பெண்மணி எழுபது வயதில் தன் விருப்பத்தால் கை உயர்த்துகிறபோது, அந்தக் கை முதன்முதலாக அவளுடையதாகிறது. அதை அவள் இறைவனுக்குக் கொடுக்கலாம். தன்னுடையதாக இல்லாத ஒன்றை யாராலும் சமர்ப்பணம் செய்ய முடியாது.

உடற்பயிற்சி ஆசையாக மாறவே மாறாது என்று நான் சொல்லவில்லை. மாறும். காலடிக் கணக்கும் இனிப்புநீர் அளவும் மரண பயத்தின் ஜெபமாகிவிட்ட சிலரை எனக்குத் தெரியும். எண் ஏறினால் அன்றைக்கு அவர்களுக்குச் சோறு இறங்காது. மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்லும்போது, கவலைப்படக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து உடம்பைக் கைவிடுவதல்ல. எதற்காகப் பேணுகிறோம் என்று தினமும் கேட்டுக்கொள்வதுதான். பேரப்பிள்ளையைத் தூக்கவா? பூத்தொடுக்கும் விரல் விறைக்காமல் இருக்கவா? பக்கத்து வீட்டில் தனியாகக் கிடக்கிற அக்காவுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கவா? பதில் தன்னைத் தாண்டிப் போனால் அது பற்றல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. பத்துமலையின் 272 படிகளை இனி ஏற முடியவில்லையே என்று கண் கலங்குகிறவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள், முழங்கால் மடங்காமல் விழுந்து வணங்க முடியாதவர்கள். அவர்களுடைய பக்தி குறைந்துபோயிற்றா? இதற்கும் அப்பரிடமே போகிறேன். கயிலையைக் காணப் புறப்பட்டு, கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, அதுவும் ஓய்ந்து கிடந்தவருக்கு இறைவன் திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். மலை உச்சிக்கு வரவேண்டும் என்று இறைவன் கட்டாயப்படுத்தவில்லை. முடிந்த மட்டும் நகர்ந்தவரை அவர் வந்து சந்தித்தார். படுக்கையில் இருப்பவர் கணுக்காலைச் சுழற்றினாலும் அது நகர்தல்தான். அதுவும் முடியாதவரை இறைவன் தம் கணக்கிலிருந்து விட்டுவிடமாட்டார்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவும், குறைந்தது இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அவ்வளவு முடியாதவர் முடிந்ததைச் செய்தாலும் பலன் உண்டு. நம்மவர்கள் நடக்கிறார்கள், மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். விழாமல் காப்பவை அந்த இரண்டும்தான். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையூன்றாமல் மெதுவாக எழுந்து உட்காருங்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி நில்லுங்கள். பிள்ளையார் முன் தோப்புக்கரணத்தை முழங்கால் பொறுக்கிற ஆழம்வரை செய்யுங்கள். பிராகாரத்தை நிமிர்ந்த தலையோடு வலம் வாருங்கள். இனிப்புநீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேண்டாம். நெஞ்சு வலி, தலைச்சுற்றல் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். புகைமூட்ட நாட்களில் வெளியே நடக்காமல் மண்டபத்துக்குள் செய்யுங்கள்.

கோயில் நிர்வாகத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். கும்பாபிஷேகத்துக்கும் கோபுர வண்ணத்துக்கும் நன்கொடை திரட்டுகிறோம், நல்லது. திருமூலர் கண்ட அந்த மற்றக் கோயில்களும் நம் மண்டபத்துக்கு வந்துதான் உட்கார்ந்திருக்கின்றன, கைத்தடியோடும் வீங்கிய முழங்காலோடும். வாசற்படிக்கு ஒரு கைப்பிடி வையுங்கள். கால் கழுவும் இடத்தில் வழுக்காத தரை போடுங்கள். திருமணமோ விழாவோ இல்லாத காலை ஒன்றில் மண்டபத்தைத் திறந்து, பத்து நாற்காலி போட்டு, ஒரு தேவாரத்தோடு தொடங்குங்கள். வருகிறவர்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார், எரியப்போகிற உடம்புக்கு இதெல்லாம் எதற்கு என்று. எரியும் நாள்வரை அது தொண்டு செய்யும் என்று சொல்லி, அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.