ஆட்டத்தில் சேர்த்தி

கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு ஊடையிலும் இரண்டையும் கோத்துக்கொண்டே போகவேண்டும். மூன்று நாடா ஓடும். குழித்தறியில் காலை இறக்கி நெய்கிறவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஓர் ஆள் கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். காஞ்சிபுரத்தில் நெடுங்காலம் அந்த ஆள் பெரும்பாலும் ஒரு குழந்தை.

அந்தக் குழந்தையின் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பெரியவர். நாடா வந்தால் திருப்பி அனுப்பவேண்டும், தப்பினால் திட்டு விழும். காலை முதல் இருட்டும்வரை இரண்டு பேர் தோளோடு தோள் இருந்து செய்யும் வேலை. ஆனாலும் அந்த அறையில் அவனோடு சரிக்குச் சரி சண்டை போட ஒருவரும் இல்லை.

*

பல பிள்ளைகள் முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்ந்தார்கள். வீட்டார் வாங்கிய கடன் தீரும்வரை பிள்ளை எழுந்திருக்க முடியாது. கொத்தடிமை முறை 1976-இலேயே சட்டப்படி ஒழிந்தது. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடைப் பட்டியலில் வைத்தது, ஆனால் குடும்பத்தார் சேர்ந்து செய்யும் வேலைக்கு விலக்குக் கொடுத்தது. தறியோ வீட்டுக்குள்தான் இருந்தது. அங்கே உட்கார்ந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று யார் போய்ப் பார்ப்பது? இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. சிறப்புப் பள்ளிகளும் வந்தன. 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் மெல்ல எழுந்தார்கள்.

அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது என்றே எல்லோரும் எழுதினார்கள். உண்மைதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது சாயங்காலம். நாலரை மணிக்குமேல் தெருவில் இன்னும் பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள் என்ற நிச்சயம்.

*

‘சாட் பூட் த்ரீ’ போட்டு ஆள் பிரிக்கிறார்கள். கோடு எங்கே என்று கால் மணி நேரம் வாக்குவாதம். ஆட்டம் ஐந்து நிமிடம். பெரியவர்களுக்கு அது வீண் சத்தமாகத் தோன்றும். ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் சிறுவர்கள் கோலியாடுவதை உட்கார்ந்து கவனித்தார். அதிலிருந்து பிறந்த புத்தகம் 1932-இல் வெளிவந்தது. பெரியவர் சொன்ன விதிக்குக் குழந்தை பணிகிறது; சமவயதுக்காரரோடு பேசி முடித்த விதியில்தான் நியாயத்தைக் கற்கிறது என்பது அவர் கண்டது. கோலி காஞ்சிபுரத்திலும் கோலிதான்.

மூன்று வயதுத் தம்பி ஒருத்தன் வந்து நிற்பான். அவனை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் ஓடலாம், பிடிபடலாம், அவுட் கிடையாது. இந்த ஏற்பாட்டை எந்த ஆசிரியரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வலுவில்லாதவனை வெளியே நிறுத்தாமல் ஆட்டமும் கெடாமல் பார்த்துக்கொள்ளும் வழியைப் பிள்ளைகளே தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வருகிறார்கள்.

அப்புறம் காய் விடுவது. முந்தாநாள் உயிராக இருந்தவள் இன்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குழந்தைக்குச் சோறு இறங்காது. உடனே ஓடிப்போய்த் தோழியின் அம்மாவிடம் பேச நமக்குத் தோன்றும். பேசக்கூடாது என்றே நினைக்கிறேன். அறுந்த உறவைத் தானே ஒட்டவைத்த குழந்தைக்கு, உறவு ஒரு சண்டையோடு முடிந்துவிடாது என்பது உடம்பில் பதிகிறது. பழம் விட்ட மறுநாள் அந்தக் குழந்தையின் நடையே வேறு. ஆனால் ஒரு பிள்ளையை எல்லோரும் சேர்ந்து நாள்கணக்கில் ஒதுக்கிவைப்பது வேறு. அங்கே பெரியவர் போய்த்தான் ஆகவேண்டும்.

*

1945-இல் நாஜிகளின் தெரெசின் வதைமுகாமிலிருந்து பெற்றோரை இழந்த ஆறு குழந்தைகள் இங்கிலாந்துக்கு வந்தார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய மூன்று வயது, மூன்றரை வயது. ஒருவரோடு ஒருவர் இருந்ததைத் தவிர அவர்களுக்கு நிலையாக எதுவும் இருந்ததில்லை. குழந்தை உளப்பகுப்பாய்வாளர் ஆனா ஃப்ராய்டும் அவர்களைப் பராமரித்த சோஃபி டானும் 1951-இல் அவர்களைப் பற்றி எழுதினார்கள். குழந்தைகள் பெரியவர்களைக் கண்டால் கடித்தார்கள், துப்பினார்கள். தங்களுக்குள் பொறாமை ஏறக்குறைய இல்லவே இல்லை. சாப்பாட்டு மேசையில் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் முதலில், தான் உண்பது பிறகு.

பெற்றோர் இல்லாமலும் குழந்தை வளர்ந்துவிடும் என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்குக் கிடைக்காமல் போனது அளவில்லாதது. ஆனால் மனம் உடையாமல் தாங்கிய கை இன்னொரு மூன்று வயதுக் குழந்தையின் கையாக இருந்திருக்கிறது.

*

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதருக்கும் காமாட்சிக்கும் நடுவே முருகனின் குமரகோட்டம். இந்த ஊரே சோமாஸ்கந்த வடிவம் என்பார்கள். கைலாசநாதர் கோயில் சுவர்களிலும் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்து அதே உருவம்: அம்மை, அப்பன், நடுவில் பிள்ளை. பார்க்க நிறைவான குடும்பம். குமரகோட்டத்தில் கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாச்சாரியார், முருகனை அந்த மடியிலேயே விட்டுவிடவில்லை. விளையாட்டுக்கு ஒரு படலம், துணைவர் வருகைக்கு ஒரு படலம் வைத்தார். வீரவாகு முதலிய ஒன்பது பேர். எல்லாம் பெற்ற பிள்ளைக்கும் கூட்டாளிகள் தேவைப்பட்டார்கள்.

*

காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் இன்று தறிச் சத்தம் குறைந்துவிட்டது. பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். திண்ணையை இடித்துக் கட்டிய வீடுகளில் வாசலுக்குக் கம்பிக் கதவு. பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் போன். தறிக்குழியில் இருந்ததோடு இதைச் சமமாக வைக்க மாட்டேன், அது கொடுமை. ஆனால் சரிக்குச் சரியான இன்னொரு பிள்ளை பக்கத்தில் இல்லை என்பது மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்கு வரச் சொன்னால் போதும். பொம்மை வாங்கவேண்டாம், விளையாட்டுச் சொல்லித் தரவேண்டாம். முதல் அரைமணி இரண்டும் ஆளுக்கொரு மூலையில் இருக்கும், இருக்கட்டும். கூச்சமுள்ள குழந்தைக்குக் கூட்டத்தைவிட இப்படி ஒருவர் போதும். வகுப்பில் கேலிக்கு ஆளாகும் பிள்ளையை அந்த ஒரு நட்பு தாங்கிப் பிடிக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டே பாண்டி ஆடுகிறவர்கள் அவர்கள்; தெருவிலிருந்து முதலில் உள்ளே கூப்பிடப்படுகிறவர்களும் அவர்களே. வயதுக்கு வந்தால் அதோடு சரி. இருட்டிவிட்டது என்று மகளைக் கூப்பிடும்போது, அவளோடு நிற்கிற தோழியையும் சேர்த்து உள்ளே கூப்பிடலாம்.