சொன்னவனைக் காப்பது யார்?

சீடன்: ஐயா, நான் வேலை பார்க்கும் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பட்டப்பெயர்தான். சத்துணவு வரிசையில் அவன் தட்டைத் தட்டிவிடுகிறார்கள். கண்டித்தால், ‘சும்மா விளையாட்டுக்கு சார்’ என்கிறார்கள். மூத்த ஆசிரியர்களோ, இப்படித்தான் பிள்ளைகளுக்கு உரம் ஏறும் என்கிறார்கள்.

குரு: அவன் ‘போதும்’ என்றால் நிறுத்துகிறார்களா?

சீடன்: இல்லை.

குரு: பிறகு அது எப்படி விளையாட்டாகும்? அந்த ஆசிரியர்களின் தட்டை ஒருவர் தினமும் தட்டிவிட்டால் புகார் எழுதுவார்கள், இடமாறுதல் கேட்பார்கள். பையனுக்கு அந்த வழி உண்டா? 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை, அவன் வருவதை உறுதிசெய்வது அரசின் கடமை என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் வந்தே ஆக வேண்டும் என்று அழைத்தவர்கள், வந்த இடத்தில் அவன் மானத்துக்கும் பொறுப்பேற்க வேண்டாமா? காசுள்ள வீட்டுப் பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விடுவான். இவன் எங்கே போவான்?

சீடன்: சீண்டுகிறவர்கள் மூன்று பேர்தான். டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால்?

குரு: அடுத்த ஊர்ப் பள்ளியில் இன்னொருவன் தட்டு விழும். அந்த மூவரும் பிள்ளைகள்தானே? அதோடு, மூவரால் மட்டும் இது நடப்பதில்லை. பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்ற உளவியலாளர் 1996இல் இதை ஆராய்ந்தார். அடிப்பவன், அடிபடுபவன் என்று இருவரோடு நிற்காமல் வகுப்பு முழுவதையும் பார்த்தார். துணைபோகிறவர்கள், சிரித்து ஊக்கம் கொடுப்பவர்கள், ஒதுங்கி நிற்பவர்கள், பரிந்து பேசுபவர்கள் என்று எல்லோருக்கும் அதில் பங்கு இருந்தது. அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ‘கிவா’ திட்டம் 2009 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவியது. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை மாற்றுவதுதான் அதன் அடிப்படை. சிரிப்பவர் இல்லாவிட்டால் சீண்டுகிறவனுக்கு என்ன மிஞ்சும்?

சீடன்: அப்படியானால் வாய்மூடி இருக்கும் முப்பது பேரும் குற்றவாளிகளா? பாதிக்கப்பட்டவனே சொல்லவில்லையே!

குரு: அவசரப்படாதே, தம்பி. நாங்குநேரியை மறந்துவிட்டாயா? 2023 ஆகஸ்ட். பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன், உடன் படித்தவர்களின் கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். அது அரசு உதவி பெறும் பள்ளி. ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டார்கள், சொன்னான். அதன் பிறகு அந்த மாணவர்கள் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. உன் வகுப்புப் பிள்ளைகள் அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறார்கள். ‘ஏன் சொல்லவில்லை’ என்று கேட்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வரும்?

சீடன்: அதற்குப் பிறகுதானே நீதிபதி சந்துரு குழு அமைத்தார்கள்? கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தார்கள். கயிற்றை அறுத்தால் மனத்தில் இருக்கும் சாதி அறுந்துவிடுமா, ஐயா?

குரு: அறுந்துவிடாது. ஆனாலும் அந்தப் பரிந்துரை சரி என்பேன். தன் பின்னால் ஊரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று வகுப்புக்குள் காட்டுவதற்குத்தான் அந்தக் கயிறு. அதைப் பார்த்த பையன் வாயைத் திறப்பானா? மனம் மாறக் காலம் ஆகும். அதுவரை அவன் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்க வேண்டுமா? பெரியவர்கள் முதலில் பயத்தைப் போக்க வேண்டும்; துணிவைப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

சீடன்: அப்படியென்றால் அவனை மட்டும் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. வகுப்பில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேச வேண்டும். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியக் கூடாது.

குரு: நடந்தது உனக்குத் தெரிந்த பிறகு?

சீடன்: தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுப்பேன்.

குரு: பள்ளிக்குக் கெட்ட பெயர் வரும், எழுத்தில் வேண்டாம் என்பார்.

சீடன்: எழுத்தில்தான் கொடுப்பேன்.

குரு: யார் சொன்னதாக எழுதுவாய்?

சீடன்: பையன் பெயர் அதில் வராது, ஐயா. சத்துணவு வரிசையில் தட்டு விழுவதை நானே பார்த்தேன். என் பெயரில்தான் எழுதுவேன்.