சொறிந்தால் என்ன தப்பு?

வயிற்று வலி என்று குழந்தை அழுதால் வீடே ஓடி வருகிறது. பாட்டி ஓம வாட்டர் தேடுகிறார். காய்ச்சல் என்றால் அப்பா ஆபீஸுக்கு லீவு போடுகிறார். அதே குழந்தை ராத்திரி ரெண்டு மணிக்கு முழங்கை மடிப்பை ரத்தம் வரச் சொறிந்தால்? 'டேய், கையை எடு!' சில வீடுகளில் கை மேல் ஒரு அடியும் விழும்.

வலிக்கு இரக்கம், அரிப்புக்கு அதட்டல். என்ன நியாயம் இது?

பெரிய மனிதர்களும் இதற்கு விலக்கில்லை. பிளாட்டோவின் 'கோர்கியாஸ்' உரையாடலில், எதிராளியை மடக்க சாக்ரடீஸ் ஒரு கேள்வி போடுவார். அரிப்பு உள்ளவன் ஆயுசு பூரா ஆசை தீரச் சொறிந்துகொண்டே இருந்தால், அது இன்பமான வாழ்க்கையா? வாதத்தில் சாக்ரடீஸ் ஜெயித்திருக்கலாம். சொறிகிற ஆளை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம். கேட்டிருந்தால், 'ஐயா, இன்பமெல்லாம் வேண்டாம், ஒரு ராத்திரி தூங்கினால் போதும்' என்றிருப்பான்.

எக்ஸிமா என்கிறார்கள் டாக்டர்கள். கரப்பான் என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் கன்னத்தில் ஆரம்பித்து, வளர வளர முழங்கை, முழங்கால் மடிப்புகளில் வந்து உட்காரும். ஒட்டுவாரொட்டி இல்லை. தோலைச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சு உதிர்ந்த சுவரில் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் கண்டதும் உள்ளே வரும். தோலின் பூச்சுக்கு உதவுகிற ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் வரும் கோளாறு இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கண்டார்கள். 'மாசமா இருக்கும்போது கத்தரிக்கா தின்னியா, கருவாடு தின்னியா?' என்று மருமகளைக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் தயவுசெய்து இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

ராத்திரியில் ஏன் அதிகம்? பகலில் விளையாட்டு இருக்கிறது. படுத்தால் கவனம் முழுக்கத் தோலில். போர்வைக்குள் தோல் சூடாகிறது, ஈரம் கூடுதலாக வெளியேறுகிறது, அழற்சியை அடக்குகிற கார்ட்டிசால் அந்நேரம் உடம்பில் குறைவு. சொறிந்தால் தோல் கிழியும். கிழிந்தால் இன்னும் அரிக்கும். குழந்தை தூக்கத்திலேயே சொறியும். தூங்குகிறவனைப் பார்த்து 'சொல் பேச்சு கேக்கறானா பாரு' என்று கோபப்படுகிறோம்!

அப்போ சொறிய விட்டுடலாமா சார் என்பீர்கள். கூடாது, புண்ணாகிச் சீழ் வைக்கும். ஆனால் நான் காமர்ஸ் படித்தவன். ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியாக வேண்டும். குழந்தைக்குத் தெரிந்த ஒரே நிவாரணத்தைப் பிடுங்குகிறோம் என்றால், பதிலுக்கு ஒன்று கொடுக்க நாம் கடன்பட்டிருக்கிறோம். கையில் சாக்ஸை மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வது பிடுங்கல் மட்டும்தான்.

கொடுக்க நிறைய இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷத்துக்குள் குளியல். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், கஞ்சத்தனம் இல்லாமல். பருத்தி உடை. ஒட்ட வெட்டிய நகம். அரிக்கும் இடத்தில் குளிர்ந்த ஈரத்துணி. டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து பீரோவில் பூட்டுகிறவர்களும் உண்டு, மெடிக்கல் ஷாப்பில் தானாகவே ஒரு ட்யூப் வாங்கி மாதக்கணக்கில் தேய்ப்பவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து. எழுதிக் கொடுத்த அளவு, எழுதிக் கொடுத்த நாள், அவ்வளவுதான். டாக்டரைக் கேட்காமல் பால், முட்டையை நிறுத்தவும் வேண்டாம்.

இதையெல்லாம் யார் செய்வது? அங்கேதான் சிக்கல். நண்பர் ஒருவரின் மகனுக்கு இரண்டரை வயசு. ராத்திரி மூன்று தடவை அம்மா எழுந்திருப்பார். 'காலைல ஆபீஸ்' என்று நண்பர் அடுத்த ரூமில். அந்த அம்மாவுக்கும் காலையில் ஆபீஸ்தான்! ஒரு நாள் அவர் பொறுமை இழந்து, ரெண்டு மணிக்கு மேல் உங்க டியூட்டி என்று சொல்லிவிட்டார். மறுநாள் நண்பர் எனக்கு போன் செய்தார். 'பாவம்டா அவன், தூங்கிட்டே அழறான்' என்றார். அதுவரை பையனைத் திட்டிக்கொண்டிருந்தவர்.

அடுத்த முறை டாக்டரிடம் அவரும் கூடப் போனார். எந்த மடிப்பில், எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்று அவருக்கும் சொல்லத் தெரிந்திருந்தது.