மரணத்தின் முன் மன்றாட்டு

மரணத்தை எதிர்நோக்கும் மனிதன் இறைவனை நோக்கி மன்றாடுகின்றான், மரணமோ விலகுவதில்லை. அவ்வாறாயின் அம்மன்றாட்டின் பொருள் யாது? இவ்வினாவைக் கிறிஸ்தவத்தைப் புறத்தே நின்று நோக்குவோர் மட்டும் எழுப்புவதில்லை. துன்பத்தின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கவேண்டுமெனக் கெத்சமனியில் இயேசு மன்றாடினார், அது நீங்கவில்லை. கேட்டது கிடையாத ஒரு பிரார்த்தனையைத் தன் நடுவிலே கொண்டிருக்கும் சமயம் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

இதற்கு இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. அச்சமும் கையறுநிலையும் தோற்றுவிக்கும் ஆறுதற் கற்பனையே பிரார்த்தனை என்பது ஒன்று. சமய நம்பிக்கையை மனித விருப்பங்களின் வெளிப்பாடாக விளக்கி 1927ஆம் ஆண்டில் நூலெழுதிய சிக்மண்ட் புரொய்ட் இவ்வகைச் சிந்தனையாளருள் முதன்மையானவர். மெய்யான விசுவாசி கலக்கமின்றி இறப்பான், அஞ்சுபவனின் விசுவாசம் குறைபாடுடையது என்பது மற்றையது. இது பக்தர் பலரின் கூற்று. முன்னையது மறுப்பு, பின்னையது ஏற்பு. எனினும், பிரார்த்தனையின் பணி அச்சத்தைப் போக்குவதே என்னும் எடுகோளில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. ஆராயப்பட வேண்டியது இவ்வெடுகோளேயாகும்.

கி.மு. 399இல் நஞ்சருந்தி இறந்த சோக்கிரதீசரின் இறுதிவேளையைப் பிளேட்டோ சித்திரித்துள்ளார். அங்கே கலக்கமில்லை, அழுகின்ற நண்பரையே சோக்கிரதீசர் கடிந்துகொள்கின்றார். மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் வரும் இயேசுவோ திகிலடைகின்றார். சிலுவையில் 22ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தைக் கூவி, தாம் கைவிடப்பட்டமையை முறையிடுகின்றார். இவ்வேறுபாட்டை ஒஸ்கார் குல்மன் 1955ஆம் ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் வற்புறுத்தினார். சோக்கிரதீசருக்கு மரணம் ஆன்மாவின் விடுதலை. பவுலுக்கோ அது வெல்லப்படவேண்டிய இறுதிப் பகைவன். பகைவன் முன் நடுங்குதல் விசுவாசக் குறைவாகாது.

அச்சத்தைப் போக்காத பிரார்த்தனை வேறெதனைச் செய்கின்றது? ஜேர்மனிய இறையியலாளர் டீட்ரிக் பொன்ஹோபரின் வாழ்வு இதற்கு ஒளிதருகின்றது. ஹிட்லருக்கு எதிரான சதியில் தொடர்புற்றிருந்த அவர் 1943 ஏப்ரலில் கைதானார்; 1945 ஏப்ரல் 9ஆந் திகதி புளொசன்பேர்க் முகாமில், தமது 39ஆவது வயதில், தூக்கிலிடப்பட்டார். 1943 நத்தாரின்போது பேர்லின் தேகல் சிறையில் சககைதிகளுக்கென அவர் எழுதிய பிரார்த்தனைகள் உள்ளத்து இருளையும் தனிமையையும் மறையாது உரைக்கின்றன. மாலைப் பிரார்த்தனை உற்றாரையும் சககைதிகளையும் மட்டுமன்றி, அச்சிறையிற் பணிபுரிவோரையும் இறைவனிடம் ஒப்படைக்கின்றது. அச்சம் அங்கே அகலவில்லை. ஆயினும் அது மனிதனைத் தன்னுள்ளேயே அடைத்துவைக்கவும் இல்லை. பிரார்த்தனையின் பணி இதுவெனலாம்.

முழந்தாளிட்டு மன்றாடிப் பொன்ஹோபர் அமைதியுடன் இறந்தாரென முகாம் வைத்தியர் ஒருவர் பின்னாளில் எழுதினார். அச்சாட்சியத்தை ஆய்வாளர் சிலர் ஐயுற்றுள்ளனர். அது பிழையெனின் அவரது விசுவாசமும் பொய்த்துவிடுமோ? பொய்க்காது. 1944இற் சிறையிலிருந்து எழுதிய கவிதையொன்றில், பிறர் காணும் துணிவுடையவன் தானா, உள்ளே கலங்கித் தவிப்பவன் தானா என அவரே தம்மை வினவினார். விடையை இறைவனிடமே விட்டார்.

இதனின்றும் உயிரோடிருப்போர்க்குக் கடமையொன்று பிறக்கின்றது. விமானக் குண்டுவீச்சின்போது நிலத்திற் கிடந்து கடவுளைக் கூவிய கைதியொருவனுக்குச் சமயப் போதனை செய்யப் பொன்ஹோபருக்கு மனம் வரவில்லை. இன்னும் பத்து நிமிடங்களுக்குமேல் இது நீடியாது என்று மட்டுமே கூறியதாக 1944 ஜனவரியில் அவர் கடிதமெழுதினார். ஒருவனது நடுக்கத்தைத் தமது சமயத்துக்குச் சாதகமாக்க அவர் விரும்பவில்லை. மரணப்படுக்கையருகே நிற்போர் இதனை மனங்கொள்ளல் தகும். இறப்பவரிடம் அமைதியைக் கோரும் உரிமை எமக்கில்லை; அவரது விசுவாசத்தை அதுகொண்டு அளக்கும் உரிமையுமில்லை. கெத்சமனியில் இயேசு தம் சீடரிடம் வேண்டியதும், உடன் விழித்திருந்து மன்றாடுவதையே. அவர்களோ உறங்கிவிட்டனர்.