யாரும் பார்க்காத மண்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இந்தியன் கிறீக் என்றொரு பாலைப் பள்ளத்தாக்கு உண்டு. அதன் செம்மணற்கற் சுவர்களில் நெட்டுக்குத்தாக வெடிப்புகள் ஓடுகின்றன. பற்றிக்கொள்ள விளிம்புகள் அரிது. ஏறுபவர் வெடிப்புக்குள் கையை நுழைத்து, பெருவிரலை உள்ளே மடித்து, தன் தசையையே ஆப்பாக இறுக்கி மேலே செல்கிறார். 'சுப்பர் கிரக்' எனும் புகழ்பெற்ற வெடிப்பில் 1976இல் முதன்முதலாக ஏறினார்கள். 1978இல் றே ஜார்டின் உருவாக்கிய, வெடிப்புக்குள் விரிந்து பிடிக்கும் கருவி விற்பனைக்கு வந்தது. ஆணி அறைந்து கல்லைப் புண்ணாக்கிய பழைய முறையைவிட இது மென்மையானது. ஏறியபின் கழற்றி எடுத்துச் செல்லலாம்.

மழை நனைத்தால் இந்தக் கல் வலுவிழக்கும். அது உலரும்வரை ஏறாதிருப்பது அங்குள்ள ஒழுங்கு. மீறினால் கல் உடையும், மனிதன் விழுவான். ஆகவே இந்த ஒழுங்கைக் காப்பது அறமா, உயிரச்சமா என்று பிரித்தறிவது கடினம்.

உண்மையான சோதனை கீழே, கூடாரம் அடிக்கும் இடத்தில்தான். அங்கே மண்ணின் மேல் கருமையான ஒரு பொருக்கு படர்ந்திருக்கிறது. நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து நெய்த உயிருள்ள தோல் அது. காற்றும் நீரும் மண்ணை அள்ளிச் செல்லாமல் காப்பது அதுதான். ஒரு காலடியில் நொறுங்கும். மீள்வதற்குப் பல தசாப்தங்கள்கூட ஆகலாம். அதனால்தான் ஏற்கெனவே பழகிய இடங்களில் மட்டும் தங்கு, 14 நாட்களுக்கு மேல் தங்காதே, உன் கழிவையும் நீயே எடுத்துச் செல் என்கிறார்கள். மீறினால் எவரும் விழப்போவதில்லை. அந்த வெளியில் பார்ப்பதற்கும் ஆளில்லை. "என் ஒரு கூடாரத்தால் என்ன வந்துவிடும்?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. ஆயிரம் பேர் தனித்தனியே கேட்டால், அந்த ஒரு கூடாரம் ஆயிரமாகிவிடும்.

இன்னொரு வாதமும் உண்டு. அந்த நிலம் யாருடையது? ஹோப்பி, சூனி, நவஹோ, யூட் மக்களின் மூதாதையர் நடந்த பூமி அது. அருகே ஒரு பாறை முழுவதும் அவர்கள் செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன. அவர்களிடமிருந்து பறித்த அரசு, 2016இல் அப்பிரதேசத்தைப் 'பெயார்ஸ் இயர்ஸ்' தேசிய நினைவகமாக்கியது. 2017இல் அதில் சுமார் 85 வீதத்தைக் குறைத்தது. 2021இல் மீண்டும் விரித்தது. தானே தடுமாறும் அரசின் விதிக்கு நான் ஏன் பணிய வேண்டும்?

வலுவான கேள்விதான். ஆனால் வரைபடத்தில் கோடுகள் நகர்ந்தபோதும் மண்ணின் பொருக்கு அதே அளவு மெல்லியதாகவே இருந்தது. விதியை எழுதிய கையில் குறை இருக்கலாம். அந்தக் குறை, மண்ணை மிதிக்க எனக்குக் கிடைத்த அனுமதியாகாது. பொதுநிலம் என்பது ஆளற்ற சொத்தல்ல. இழந்தவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் உரிய அமானிதம் அது. அங்கே நமது கடமை அதிகாரிக்கு அல்ல, அவர்களுக்கே. தண்டனை இல்லாத இடத்தில் ஒருவர் எங்கே கால் வைக்கிறார் என்பதில்தான் அவரது நேர்மை தெரிகிறது.