பாதியில் நின்ற வாக்கியம்



வானொலிப் பெட்டி விற்றுக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி இன்று பேச ஆசை. பெயர் யான் ஸ்வார்ட்டென்டைக். டச்சுக்காரர். லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் பிலிப்ஸ் கம்பெனியின் கிளையைக் கவனித்துவந்தார்.

1940 ஜூன். அவர் தாய்நாடு ஏற்கெனவே ஹிட்லர் வசம். லித்துவேனியாவுக்குள்ளோ சோவியத் படை நுழைந்துவிட்டது. அங்கிருந்த டச்சு கான்சல் நாஜிகள் பக்கம் சாய்ந்தவர் என்பதால் நீக்கப்பட்டார். ரீகாவில் இருந்த டச்சுத் தூதர் தெ தெக்கர், 'நீங்கள் பொறுப்பேற்க முடியுமா?' என்று இந்த வியாபாரியைக் கேட்டார். சரி என்றார். ராஜதந்திரம் படித்தவரல்ல அவர்.

போலந்திலிருந்து தப்பி வந்த யூதர்கள் அந்த ஊரில் சிக்கிக் கிடந்தார்கள். வெளியேற வேண்டுமானால், போய்ச் சேரும் இடம் ஒன்று தாளில் இருக்க வேண்டும். கரீபியன் கடலில் டச்சு ஆட்சியில் இருந்த குரசாவ் தீவுக்கு விசா தேவையில்லை. ஆனால் கரையிறங்க ஆளுநரின் அனுமதி வேண்டும். முதல் பாதியை மட்டும் எழுதி, மறுபாதியை விட்டுவிடலாம் என்று தெ தெக்கர் ஒரு பெண்ணின் கடவுச்சீட்டில் காட்டியிருந்தார். ஸ்வார்ட்டென்டைக் அதையே, வாசலில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் எழுதிக்கொடுத்தார். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலுமாக, 2,000-க்கும் மேல். அந்த வரியைக் காட்டித்தான் ஜப்பானியத் துணை கான்சல் சியூனே சுகிஹாராவிடம் பலர் இடைவழி விசா வாங்கினார்கள். சைபீரிய ரயிலேறி, விளாதிவஸ்தோக் வழியாக ஜப்பான் சேர்ந்தார்கள்.

ஸ்வார்ட்டென்டைக்குக்கு மனைவி, பிள்ளைகள். அடுத்து அவர் திரும்பப் போவதோ ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்துக்கு. விஷயம் கசிந்திருந்தால் குடும்பமே அழிந்திருக்கும். தெரிந்தும் எழுதினார். என்னை நெகிழவைப்பது இதுதான். சுகிஹாராவை உலகம் அறியும். அவர் முத்திரைக்கு முன்னால் விழுந்த இந்தக் கையெழுத்தை அறிந்தவர் குறைவு.

ஊர் திரும்பி, பிலிப்ஸ் வேலையைத் தொடர்ந்தார். செய்ததைச் சொல்லித் திரியவில்லை. போருக்குப் பல ஆண்டுகள் கழித்து விஷயம் வெளியே வந்தபோது, டச்சு வெளியுறவு அமைச்சகம் விதியை மீறினீர்கள் என்று அவரைக் கண்டித்தது. எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று தெரியாமலே 1976-இல் இறந்தார். 1997-இல் இஸ்ரேல் அவரைக் கௌரவித்தது. சொந்த நாடு பதக்கம் வழங்கியது 2023-இல். அவர் இறந்து 47 ஆண்டுகளுக்குப் பிறகு! இந்தத் தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.